கண்ணிமை மினுக்கும் 30 கிராம் விலக்கும்

கும்மிடிப்பூண்டி பஜாரிலோ திருவள்ளூர் தேரடிப் பக்கத்திலோ எந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்தாலும் கண்ணாடி அலமாரியில் ஐ ஷேடோ பேலட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. மூடியைத் திறந்தால் செம்பு, பித்தளை, வெண்கலம், பழைய வெள்ளி, ரோஜா கலந்த தங்கம் என்று சின்னச் சின்னத் தட்டுகளில் இறுக்கி அழுத்திய பொடி பளபளக்கிறது. நூறு சொச்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பெயர், விலை, எடை, தேதி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பலவற்றில் இருக்காது. இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. தயாரித்தவர் சட்டத்தை மீறிவிட்டார் என்றும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. அந்த இடத்தை வெற்றாக விட்டுவைக்கச் சட்டமே அனுமதி தந்திருக்கிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோலில், கண்ணுக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பூசப்படும் பொருளுக்கு இந்தச் சலுகை கூடவே கூடாது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதற்கு, பாதுகாப்பு மட்டும் காரணமில்லை. அந்தப் பொடி இமையில் நிற்குமா, மின்னுமா, கன்னத்தில் கொட்டுமா என்பதும்கூட அந்த வெற்றிடத்தில்தான் மறைந்துகிடக்கிறது.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதன விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியவை சீட்டில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை எடை இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் அதன் வாலில் ஒரு விலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது: 60 மில்லிக்குக் குறைந்த திரவப் பொதிகளுக்கும் 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொதிகளுக்கும் இந்தப் பட்டியல் தேவையில்லை. 1945ஆம் ஆண்டு விதிகளின் 148ஆவது விதியில் இருந்த விலக்கு இது. சின்னப் புட்டியில் இடம் போதாது என்பது அன்றைய நியாயமாக இருந்திருக்கலாம். ஷாம்பு, முகப்பவுடர் போன்றவற்றுக்குப் பெரிய பொதிகளும் சந்தையில் உண்டு; அவற்றிலாவது பட்டியலைப் படித்துக்கொள்ளலாம். ஐ ஷேடோவின் கதை வேறு. ஒற்றைத் தட்டு ஒன்றரை கிராம், மிஞ்சினால் இரண்டு கிராம். பன்னிரண்டு நிறப் பேலட்டே இருபது கிராமைத் தொடுவது அபூர்வம். எனவே ஷாம்புவுக்குச் சில்லறைச் சலுகையாக இருக்கும் ஒன்று, கண்ணிமைப் பொடிக்கு ஏறத்தாழ முழு விடுதலையாகிவிடுகிறது. நல்ல நிறுவனங்கள் தாமாகவே பட்டியலை அச்சிடுகின்றன. அவை ஏற்றுமதியும் செய்வதால் அச்சிட்டே தீர வேண்டியிருக்கிறது. அச்சிடாதவரைக் கேட்க நம்மிடம் விதி இல்லை.

இனி பொடிக்கு வருவோம். உலோகம் போல மின்னும் இதில் பெரும்பாலும் உலோகம் இல்லை. மின்னுவது மைக்கா, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொன்ன அதே கனிமம். ஏடு ஏடாகப் பிரியும் தன்மையுள்ள இதை மிக நுண்ணிய செதில்களாக்கி, ஒவ்வொரு செதிலின் மேலும் டைட்டானியம் டை ஆக்சைடைப் படலமாக ஏற்றி, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். படலத்தின் தடிமன் 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளி போலத் தெரியும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே படலத்தைச் சற்றே தடிப்பாக்கினால் தங்கம். இன்னும் தடிப்பாக்கினால் சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை. சாயம் எதுவும் சேர்க்கப்படவில்லை. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாக்கும் நிறம் அது. செம்பும் வெண்கலமும் வேண்டுமானால் டைட்டானியத்துக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடைப் படலமாக ஏற்றுகிறார்கள். கும்மிடிப்பூண்டி உருட்டாலைகளின் முற்றத்தில் குவிந்திருக்கும் துருவும் இரும்பு ஆக்சைடுதான். அழகுசாதனத்துக்குச் செல்வது ஆலையில் செயற்கையாகச் செய்து தூய்மைப்படுத்திய வகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூய்மையில்தான் இருக்கிறது. அந்தத் தூய்மைக்கு யார் பொறுப்பு என்பதைச் சீட்டு சொல்லியாக வேண்டும்.

இந்தப் பொருள்களின் ஊர்களைத் தேடிப் போனால் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி ஆரம்பாக்கம், சூளூர்பேட்டை தாண்டி வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போனால் கூடூர். நெல்லூர் மைக்கா என்று உலகம் அறிந்த பச்சை ஓட்டமுள்ள மைக்கா அந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் கிடைத்ததுதான். டைட்டானியத்துக்கு மூலமான இல்மனைட் மணல், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் அங்கே மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்ததிலிருந்து அந்த மணல் உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணிமை நீலத்துக்குப் பயன்படும் அல்ட்ராமரின் நிறமியை, 1960இல் தொடங்கப்பட்ட அல்ட்ராமரின் அண்ட் பிக்மென்ட்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் தயாரித்துவருகிறது. 2018 வரை அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. நிறமி என்பது இந்த மண்ணுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை. கச்சாப்பொருளையும் தொழிலறிவையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியாதவர்களைப் போல நாம் இருக்க வேண்டியதில்லை.

ஒரே செம்பு நிறத்தில் இரண்டு பேலட்டுகள். ஒன்றைச் சுட்டுவிரலால் தொட்டு மணிக்கட்டின் உட்புறத்தில் இழுத்தால் தகடு ஒட்டியதைப் போலப் பளிச்சென்று படிகிறது. மற்றதை இழுத்தால் மங்கலாகத் தூவலாகத் தெரிகிறது. ஊதினால் பாதி பறந்துவிடுகிறது. நிறமி குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் காரணங்கள் பல. முதலாவது செதிலின் அளவு. 5 முதல் 25 மைக்ரான் வரையிலான செதில்கள் பட்டுத்துணியின் மென்பளபளப்பைத் தரும். தோலையும் நன்றாக மூடும். 10 முதல் 60 மைக்ரான் வரை போனால் மினுக்கம் கூடும், மூடும் திறன் குறையும். நூறு மைக்ரானைத் தாண்டினால் தனித்தனிப் பொறிகளாகத் தெரியும். கீழே தோல் அப்படியே தெரியும். இரண்டாவது, செதில் எப்படிப் படுக்கிறது என்பது. கூரையில் ஓடு வேய்ந்ததைப் போலச் செதில்கள் தோலோடு படிந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டால்தான் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பி, உலோகத் தகடு போன்ற தோற்றம் வரும். பஞ்சுத்தூரிகையால் தூவும்போது செதில்கள் கோணல்மாணலாக நிற்கின்றன. விரலால் அழுத்தித் தேய்க்கும்போதோ, ஈரத்தூரிகையால் எடுக்கும்போதோ படுத்துவிடுகின்றன. பார்லரில் வேலை செய்யும் பெண்கள் தூரிகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு உலோக நிறங்களை எடுப்பதன் காரணம் இதுதான். அந்தக் கைப்பக்குவத்துக்குப் பின்னால் சரியான இயற்பியல் இருக்கிறது.

மூன்றாவது, அழுத்துவது. டால்க், மைக்கா போன்ற நிரப்பிகளோடு மெக்னீசியம் ஸ்டியரேட் அல்லது துத்தநாக ஸ்டியரேட், டைமெத்திகோன் என்ற சிலிகோன் எண்ணெய் அல்லது வேறு எண்ணெய்ப் பொருள் சேர்த்துப் பிசிறின்றிக் கலந்து, தட்டில் கொட்டி இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். அழுத்தம் கூடினால் மேற்பரப்பு கண்ணாடி போல இறுகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் நிறம் விரலுக்கு வராது. குறைந்தால் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் நொறுங்கிவிடும். அதனால்தான் ஆலைகளில் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தட்டைக் கீழே போட்டு உடைகிறதா என்று பார்க்கிறார்கள். சாதாரண நிறமிகளை அரவை இயந்திரத்தில் போட்டு மாவாக அரைப்பது வழக்கம். முத்துப் பளபளப்புச் செதில்களை அப்படி அரைத்தால் உடைந்து ஒளியிழந்துவிடும் என்பதால், கடைசியில் சேர்த்து மெதுவாகக் கலக்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்த பொடி, எவ்வளவு மைக்கா வாங்கிப் போட்டிருந்தாலும் சாம்பல் பூத்துத்தான் தெரியும். சீட்டில் உள்ள பட்டியல் அரவை முறையைக் காட்டாது. ஆனால் மைக்கா முதலில் வருகிறதா, டால்க் முதலில் வருகிறதா, மினுக்கம் கனிமச் செதிலா பிளாஸ்டிக் ஜிகினாவா, எண்ணெய் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை எடை இறங்குவரிசை அப்படியே காட்டிவிடும். வாங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள தரச்சான்று வேறில்லை. விளம்பரத்தில் வரும் நடிகையின் இமை அதைச் சொல்லாது.

வடசென்னைக்கு அப்பால் உள்ள இந்தப் பகுதியில் மே மாதத்து வெயில் 40 டிகிரியை எட்டும். கடலோரம் என்பதால் காற்றிலும் ஈரம். இமைத்தோலில் சுரக்கும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து பொடியின் பிணைப்பைத் தளர்த்த, செதில்கள் வழுக்கி இமை மடிப்பில் போய்ச் சேர்கின்றன. மதியத்துக்குள் இமையின் நடுவில் ஒரு கோடு. உலோக நிறங்களில் இது சீக்கிரம் தெரிகிறது. மினுக்கம் கலைந்த இடம் மங்கலான நிறத்தில் தெரிவதைவிடப் பளபளப்பில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். படலம் உண்டாக்கும் சிலிகோன் பிசின் சேர்த்த பொடி தாக்குப்பிடிக்கும். வெறும் எண்ணெயை நம்பிய பொடி தாக்குப்பிடிக்காது. கல்யாண மண்டபத்தில் அதிகாலை முகூர்த்தம், ஹோமப் புகை, வீடியோ விளக்கின் சூடு எல்லாவற்றையும் தாண்டி மணப்பெண்ணின் இமை நிற்க வேண்டும் என்று பார்லர் பெண் பாடுபடுகிறார். அவருடைய நற்பெயரே அதில் இருக்கிறது. ‘நாள் முழுக்க நிற்கும்’ என்ற வாசகத்தை நம்பி வாங்குவதைத் தவிர அவருக்கு இன்று வேறு வழியில்லை. பயன்படுத்துபவரைத் தவறாக எண்ணவைக்கும் எதையும் சீட்டில் சொல்லக் கூடாது என்று நம் விதிகள் தடுக்கின்றன. ஆனால் எந்த வெயிலில், எந்த ஈரப்பதத்தில் நாள் முழுக்க நின்றது என்று யாரும் கேட்காதவரை அந்தத் தடை காகிதத்தில்தான் இருக்கும். லிப்ஸ்டிக்குக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 9875, அது எந்த வெப்பத்தில் இளகுகிறது என்பதைச் சோதிக்கச் சொல்கிறது. நம் வெயிலை மனத்தில் வைத்து எழுதிய அந்தப் புத்தி இமைப் பொடிக்கும் வர வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது பீதி கிளப்புவது எளிது. அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. 2000ஆம் ஆண்டில் பின்லாந்தில் 49 ஐ ஷேடோக்களின் 88 நிறங்களைச் சோதித்த ஆய்வு ஒன்று வெளியானது. ஈயம் எல்லாவற்றிலும் 20 பிபிஎம் அளவுக்குக் கீழேயே இருந்தது. பத்து லட்சத்தில் இருபது பங்கு என்ற அந்த அளவுதான் அனுமதிக்கப்பட்ட நிறங்களுக்கு நம் விதிகளும் வைத்திருக்கும் வரம்பு. ஆனால் நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் சுவடு பலவற்றில் ஒவ்வாமை உள்ளவர்களைப் பாதிக்கக்கூடிய அளவுக்கு இருந்தது. ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட பொடியால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. கவரிங் தோடு போட்டால் காது மடல் சிவந்து நீர் கோத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதே நிக்கல் இமையில் பட்டால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். இமைத்தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். பெரிய ஜிகினாச் செதில் கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு அந்த ஆபத்து கூடுதல். கனிமத்தின் தூய்மை கைவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 மார்ச் மாதத்து அமெரிக்க நிகழ்வு போதும். சிறுமிகளுக்கான அலங்காரப் பொருள்களை விற்கும் ஒரு சங்கிலிக் கடையின் ஐ ஷேடோ உள்ளிட்ட பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் உறுதிசெய்தது. பூமிக்கடியில் டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை. டால்க் இருக்கிறது என்று சீட்டு சொன்னால்தான், அந்த டால்க்கைச் சோதித்தாயா என்ற அடுத்த கேள்வியையே கேட்க முடியும்.

காலம் காலமாக நம் பெண்கள் கண்ணுக்கு மை தீட்டவில்லையா, என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் விளக்கெண்ணெய்ச் சுடரில் பிடித்த மை ஒன்று. வடநாட்டு சுர்மாவில் பல காலம் இருந்துவந்த ஈய சல்ஃபைடு வேறொன்று. கதகளி முகத்தின் மஞ்சளுக்குப் பூசிய மனயோலை ஆர்சனிக் சல்ஃபைடு. பழமை என்ற ஒரே தகுதி எதையும் பாதுகாப்பானதாக ஆக்கிவிடவில்லை. அமெரிக்கப் பெண்கள் இதை விலை கொடுத்துக் கற்றார்கள். 1930களில் லாஷ் லூர் என்ற இமைமுடிச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். ஒருவர் இறந்தும் போனார். அழகுசாதனங்களை முதன்முதலாகக் கட்டுக்குள் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் அந்தக் கண்கள் இருக்கின்றன. அன்று முதல் இன்றுவரை அந்நாட்டில் கண் பகுதிக்கு என்று அனுமதித்த நிறங்களின் பட்டியல் தனி. அந்தப் பட்டியலில் இடம்பெறாத பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஊதாச் சாயங்களைச் சேர்த்த தட்டுகளை ஐ ஷேடோ என்று விற்க முடியாததால், ‘பிரெஸ்டு பிக்மென்ட்’ என்று பெயரிட்டு, கண் பகுதிக்கு உரியதல்ல என்று சிறிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். அதே சாயங்களில் சில ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டவை. ஆகவே அவை விஷம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சிறிய எழுத்தாவது அங்கே இருக்கிறது, படித்துவிட்டு வேண்டும் வேண்டாம் என்று தீர்மானிக்க முடிகிறது என்பதுதான் விஷயம். அதே பெயரில் அதே தோற்றத்தில் இங்கே வந்து சேரும் பேலட்டில், எச்சரிக்கையும் இல்லை, பட்டியலும் இல்லை என்றால் வாங்கும் பெண் எதை வைத்துத் தீர்மானிப்பாள்?

ஆலைப் புகை, நிலத்தடி நீர், ஒப்பந்தக் கூலி என்று ஆயிரம் பிரச்சினை உள்ள தொழிற்பேட்டைப் பகுதியில் கண்ணிமைப் பொடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதா என்ற ஆட்சேபம் நியாயமானது போலத் தோன்றும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டி என்று இந்த வட்டாரத்தின் தொழிற்பேட்டைகளுக்குக் கம்பெனி பஸ்களில் போய்வரும் இளம்பெண்கள்தான் இந்தப் பேலட்டுகளின் முக்கிய வாடிக்கையாளர்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் தமக்கென்று அவர்கள் வாங்கும் முதல் சில பொருள்களில் இதுவும் ஒன்று. மின்னணு ஆலைகளின் தூசியற்ற அறைகளுக்குள் ஒப்பனையோடு போக விடுவதில்லை. உதிரும் ஒரு நுண்துகள் மின்சுற்றைக் கெடுத்துவிடும் என்ற காரணத்தால் அங்கே அத்தனை கண்டிப்பு. மின்சுற்றை அவ்வளவு பத்திரமாகக் காக்கத் தெரிந்த தொழில் உலகம், அதே பெண்ணின் கண்ணருகே என்ன உதிர்கிறது என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொன்னால் அது அற்ப விஷயமாகிவிடுமா? பெண்கள் பயன்படுத்தும் பொருள் என்பதாலேயே அழகுசாதனத் தரம் நம்மிடம் நெடுநாள் அற்பமாக எண்ணப்பட்டது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சிறு உற்பத்தியாளர்கள் தாங்க மாட்டார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். காக்களூர் போன்ற சிட்கோ பேட்டைகளில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஓடும் சின்ன யூனிட்டின் கஷ்டம் உண்மையானது. தொகுதிதோறும் உலோகச் சுவடுகளைச் சோதிக்கச் சொன்னால் செலவு ஏறும். அதற்குப் பொதுச் சோதனைக்கூட வசதி செய்துதர வேண்டியது அரசின் வேலை. ஆனால் நான் முதலில் கேட்பது சோதனையை அல்ல, பட்டியலை. தான் என்ன கலந்தோம் என்பது கலந்தவருக்குத் தெரியும். அதை எழுதுவதற்குச் செலவு மையும் தாளும்தான். இடமில்லை என்ற பழைய வாதமும் எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பொதியில் இடமில்லாவிட்டால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டோ தொங்கட்டையோ வைக்கச் சொல்கிறது. பதினெட்டு நிறத்துக்கும் பதினெட்டுப் பட்டியல் வேண்டாம். பொதுவான பொருள்களை எழுதிவிட்டு, ‘இவையும் இருக்கலாம்’ என்ற குறியோடு நிறமிகளைச் சேர்த்தால் போதும். உலகத்துக்கே இது பழகிப்போன முறை. இங்கிருந்து ஏற்றுமதியாகும் சரக்கில் அந்தச் சீட்டு இருக்கிறது. துபாய்க்குப் போகும் பெட்டிக்கு ஒட்ட முடிந்ததைத் திருவள்ளூருக்கு ஒட்ட முடியாதா?

சீட்டை யார் படிக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். எல்லாரும் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வாமையோடு வந்த பெண்ணிடம் ‘என்ன பூசினீங்க?’ என்று கேட்கும் தோல் மருத்துவர் படிப்பார். இன்று அவர் கேள்விக்கு நிறத்தின் பெயரைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. பார்லர் நடத்துபவர் படிப்பார். இரண்டு பேலட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இரண்டிலும் ஒரே சரக்குதான் என்று தெரிந்தால் விலை குறைந்ததை வாங்குவார். போட்டி நிறுவனங்களும் ஆய்வாளரும் படிப்பார்கள். இந்தப் பத்துப் பேர் படிப்பதால் படிக்காத பத்தாயிரம் பேருக்கும் சரக்கு திருந்தும்.

மைக்கா என்ற ஒரு சொல் பட்டியலில் அச்சாவதற்கு வேறொரு கனமும் உண்டு. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீ, பிகாரின் நவாதா பகுதிகளில், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பல சுரங்கங்கள் மூடப்பட்டும், கைவிடப்பட்ட குழிகளில் குடும்பம் குடும்பமாகத் துண்டு மைக்கா பொறுக்குவது நிற்கவில்லை. அதில் சுமார் 22,000 குழந்தைகள் ஈடுபட்டிருக்கலாம் என்று 2016இல் டச்சுத் தன்னார்வ அமைப்புகள் கணித்தன. மறு ஆண்டே நிறுவனங்கள் சேர்ந்து பாரிஸில் பொறுப்பான மைக்கா முன்னெடுப்பைத் தொடங்கின. ஆலையில் செய்யும் செயற்கை மைக்காவுக்கு மாறிவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்று சில பிராண்டுகள் விளம்பரம் செய்கின்றன. செயற்கை மைக்கா வெண்மையில் உயர்ந்தது, பளபளப்பும் தூக்கலாக இருக்கும். தரத்துக்காக அதைத் தேர்ந்தால் சரி. ஆனால் வாங்குவதை நிறுத்தினால் அந்தக் குடும்பங்களின் ஒரே வருமானமும் நின்றுபோகும். குழந்தை பள்ளிக்குப் போய்விடாது. உரிமம் பெற்ற சுரங்கம், கூலி, பள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அங்கே தீர்வு. 2015இல் சிறு கனிமமாக்கப்பட்ட மைக்காவை 2025 பிப்ரவரியில் மத்திய அரசு மீண்டும் பெருங்கனிமப் பட்டியலுக்குக் கொண்டுவந்திருப்பதால் கண்காணிப்புக்கு ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. இயற்கை மைக்காவா செயற்கையா என்று சீட்டிலேயே தெரிந்தால், எந்தச் சுரங்கத்திலிருந்து என்ற அடுத்த கேள்வியை நிறுவனத்திடம் வைக்கலாம். கூடூர் மைக்காவுக்குக் கும்மிடிப்பூண்டி வழியாகவே ஒரு நேர்மையான சந்தை அமைவதற்கும் அது வழிசெய்யும்.

சீட்டில் பொய்யும் எழுதலாம் என்பதை மறுக்கவில்லை. பதிவுச் சான்றிதழ் எண்ணே இல்லாமல் வரும் இறக்குமதிப் பேலட்டுகள் இன்றைய விதிப்படியே சட்டவிரோதம். அவை பாரிமுனை மொத்தக் கடைகள் வழியாகவும் ஆன்லைனிலும் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. எழுதப்பட்ட பொய்யைச் சோதனை செய்து நிரூபிக்கலாம், வழக்குப் போடலாம். எழுதாமல் விட்டதை எதைக் கொண்டு பிடிப்பது? எனவே மத்திய சுகாதார அமைச்சகம் செய்ய வேண்டியது ஒரே ஒரு திருத்தம்: கண் பகுதியில் பூசும் எந்தப் பொருளுக்கும் 30 கிராம் விலக்கு பொருந்தாது என்ற ஒரு வரி. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. உரிம எண்ணும் பதிவு எண்ணும் இல்லாத சரக்கை எடுக்க அதன் ஆய்வாளர்களுக்கு இன்றே அதிகாரம் உண்டு. மத்திய மருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. தரமற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. அதைப் போலவே சோதித்த ஐ ஷேடோக்களின் முடிவுகளையும் பெயர், தொகுதி எண்ணோடு தமிழில் வெளியிடலாம். முதல் மாதிரிகளைக் கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்தே எடுக்கட்டும்.